ஒட்டுக்கேட்பவருக்கு எவ்வளவு இரைச்சல்?

தகவல் தொடர்பு படித்தவர்களுக்கு இரைச்சல், அதாவது வழியில் செய்தியைக் கலைத்துப் பிழையாக்கும் எதுவும், என்றாலே ஆகாது. செம்புக் கம்பியோ ஃபைபரோ ரேடியோவோ, பாடம் முழுக்க ஒரே பாட்டுதான்: இரைச்சலை எப்படிக் குறைப்பது, குறைக்க முடியாத மிச்சத்தை எப்படிச் சமாளிப்பது. அந்த இரைச்சலையே பிடித்துக் காவலுக்கு உட்கார வைக்கலாம் என்று 1975இல் பெல் லேப்ஸில் இருந்த ஏரன் வைனர் எழுதினார். அந்தக் கட்டுரையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த சிலவும் எனக்கு ரொம்பப் பிடித்தவை. அதே சமயம் இந்தத் துறையின் பெயரைச் சொல்லி "உடைக்கவே முடியாத பாதுகாப்பு" என்று விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருக்கிறது. இரண்டுக்குமாகச் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் இதில் என்ன வேறுபாடு என்று சொல்லிவிடுகிறேன். இன்று நம் போனில், வங்கி ஆப்பில், பிரவுசரில் ஓடும் மறையாக்கம் எல்லாம் ஒரு கணக்கு கடினமானது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற முறையை எடுத்தால், பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கை. அது கடினம்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக முயன்றும் எளிய வழி அகப்படவில்லை, அவ்வளவுதான். 1994இல் பீட்டர் ஷோர் குவாண்டம் கணினிக்கு ஒரு வழி காட்டினார், அப்படியொரு கணினி பெரிய அளவில் வந்தால் ஆர்எஸ்ஏ காலி. அதற்காகத்தான் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய தரங்களை வெளியிட்டது. அவையும் வேறு கணக்குகள் கடினமானவை என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தகவல் கோட்பாட்டுப் பாதுகாப்பு என்பது இன்னொரு ரகம். எதிரிக்கு எவ்வளவு வேகமான கணினி வேண்டுமானாலும் கொடு, எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் கொடு, அப்போதும் அவருக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அவர் கையில் இருப்பதற்குள் விடையே இல்லை.

இதை ஒழுங்காக வரையறுத்தவர் கிளாட் ஷானன். போர்க்காலத்தில் எழுதிய ரகசிய அறிக்கை ஒன்றை 1949இல் பொதுவில் வெளியிட்டார். அவர் அலசியவற்றில் ஒன் டைம் பேட், அதாவது ஒரு சாவியை ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் முறை, முக்கியமானது. எண்களை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி 3 1 4. சாவி என்று ஏற்கெனவே இருவரும் பகிர்ந்து வைத்திருக்கும் தாளில் தாறுமாறாக 8 6 9. ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டி, பத்தைத் தாண்டினால் பத்தை விட்டுவிட வேண்டும்: 1 7 3. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது 173 மட்டும். உண்மையான செய்தி 000 முதல் 999 வரை எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற சாவி சரியாக ஒன்று உண்டு, எல்லாச் சாவிக்கும் ஒரே வாய்ப்பு. ஆகவே 173ஐப் பார்ப்பதற்கு முன் அவருக்கு என்ன தெரியுமோ, பார்த்த பின்பும் அதுதான் தெரியும். ஷானன் இதோடு விடவில்லை. இந்த அளவு ரகசியம் வேண்டுமானால் சாவி குறைந்தது செய்தியின் அளவுக்காவது இருந்தே தீர வேண்டும், குறுக்கு வழி கிடையாது என்றும் நிரூபித்துவிட்டார். ஒரு ஜிபி வீடியோ அனுப்ப ஒரு ஜிபி சாவி. அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமென்றால் வீடியோவையே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாவியை முன்கூட்டியே, வசதியான நேரத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படித்தான் செய்தும் இருக்கிறார்கள். 1963இல் தொடங்கிய வாஷிங்டன் - மாஸ்கோ ஹாட்லைனில் ஓடியது ஒன் டைம் டேப், அதே முறைதான், சாவி மட்டும் தாளுக்குப் பதில் டேப்பில். ஒவ்வொரு நாடும் தன் சாவி டேப்பைத் தயாரித்துத் தன் தூதரகம் வழியாக அடுத்த நாட்டில் கொடுத்தது. இதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், தங்களுடைய உண்மையான ரகசிய மறையாக்க முறைகளை எதிராளிக்குக் காட்ட வேண்டிய அவசியம் இருவருக்குமே இல்லை. அதற்கு 20 ஆண்டு முன்பே, 1943இல், லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே சிக்சாலி என்ற குரல் மறையாக்கக் கருவி ஓடியது. ஒரு முனையில் இருந்த கருவி மட்டும் 50 டன்னுக்கு மேல். அதற்குச் சாவி கிராமஃபோன் ரெக்கார்டு! பாதரச ஆவிக் குழாய்களின் இரைச்சலைப் பதிவு செய்து, இரண்டே பிரதி எடுத்து, இரு முனையிலும் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

இதே முறை கேவலமாகத் தோற்ற கதையும் உண்டு. சோவியத் ஒன்றியம் தன் உளவுச் செய்திகளை ஒன் டைம் பேடில்தான் அனுப்பியது. 1942இன் தொடக்கத்தில், போர் நெருக்கடியில், சாவித் தாள்கள் அச்சடித்த இடத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களை இரண்டு முறை அச்சடித்து வெவ்வேறு பயனாளர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மேலே சொன்ன எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 8 6 9 சாவியில் இன்னொருவர் 5 2 0 என்ற செய்தியை அனுப்பினால் 3 8 9 வரும். இப்போது இரண்டு மறைசெய்திகளையும் இலக்கம் இலக்கமாகக் கழியுங்கள், பூஜ்யத்துக்குக் கீழே போனால் பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 8 9 4. அசல் செய்திகள் 314, 520 இரண்டையும் கழித்துப் பாருங்கள்: அதே 8 9 4. சாவி காணாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டு செய்திகளுக்கு இடையிலான வேறுபாடு, அதாவது பொறுமையும் மொழியறிவும் உள்ளவர் பிரித்து எடுக்கக்கூடிய ஒன்று. அமெரிக்க ராணுவத்தின் மறைசெய்தி உடைக்கும் மையமான ஆர்லிங்டன் ஹாலில் 1943 பிப்ரவரியில் ஜீன் கிரபீல் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை தொடங்கிய வேலை, பின்னால் வெனோனா என்று பெயர் பெற்று, 1980 வரை நடந்தது. அணுகுண்டு ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்த விஞ்ஞானி கிளாஸ் ஃபூக்ஸ் மாட்டியது இதில்தான். ஷானனின் நிரூபணத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஒரு சாவியை ஒரே முறைதான் பயன்படுத்துவார்கள் என்ற நிபந்தனையை அச்சகம் மீறியது. இந்தத் துறையில் எப்போதும் இப்படித்தான்: தேற்றம் உடையாது, நிபந்தனைதான் உடையும்.

சரி, வைனருக்கு வருவோம்.

ஷானன் தன் கணக்கில் ஒட்டுக்கேட்பவருக்கு மறைசெய்தி ஒரு பிட் கூடப் பிசகாமல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டார். நிஜத்தில் அப்படிக் கிடைக்க வேண்டிய அவசியம் இல்லையே, அவருக்கும் இரைச்சல் இருக்குமே, அது நம் ஆளுக்கு இருப்பதைவிட அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் வைனர் கேட்ட கேள்வி. வழக்கம்போல ஆலிஸ் அனுப்புகிறாள், பாப் வாங்குகிறான், ஈவ் ஒட்டுக்கேட்கிறாள். பாபுக்கு எல்லாம் சுத்தமாக வருகிறது. ஈவுக்கு மட்டும் 100 பிட்டில் 10 புரண்டு வருகிறது, 0 என்பது 1 ஆக, 1 என்பது 0 ஆக. முன்கூட்டிப் பகிர்ந்த சாவி எதுவும் இல்லை. ஆலிஸ் ஒரு பிட் ரகசியம் சொல்ல வேண்டும்.

அவள் செய்வது இது. ரகசியம் 0 என்றால், இரட்டைப்படை எண்ணிக்கையில் 1 உள்ள ஏதாவது ஒரு 20 பிட் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து அனுப்புகிறாள். ரகசியம் 1 என்றால் ஒற்றைப்படை. பாப் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான், வேலை முடிந்தது. ஈவின் நிலைமை வேறு. 20 பிட்டில் சராசரியாக இரண்டு தப்பு, எந்த இரண்டு என்று தெரியாது, இரண்டுதானா, ஒன்றா மூன்றா என்பதும் தெரியாது. தப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அவள் விடை சரி, ஒற்றைப்படை என்றால் தவறு. கணக்குப் போட்டால் அவள் சரியாகச் சொல்ல வாய்ப்பு 100க்கு 50.6. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். 20க்குப் பதில் 50 பிட் எடுத்தால் 50.0007. ஒரு பிட்டுக்கு 10 சதவீதம்தான் பிழை, 90 சதவீதம் சரியாகத்தான் கேட்கிறாள், ஆனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது, அவளிடம் கணக்கு மிச்சம் இல்லை, தகவல்தான் இல்லை.

ஒரு பிட்டுக்கு 20 பிட் செலவு என்பது அநியாயம்தான். வைனர் காட்டியது, சரியான குறியீடு (செய்தியை அனுப்பும் பிட்களாக மாற்றும் விதி) அமைத்தால் இதே நிலைமையில் 100 பிட் அனுப்பி அதில் ஏறத்தாழ 47 பிட் வரை ரகசியமாகக் கொண்டுசேர்க்கலாம் என்பதை. பொதுவாகச் சொன்னால், ஈவின் கால்வாய் (செய்தி வந்துசேரும் வழி, ஆங்கிலத்தில் சேனல்) பாபின் கால்வாயைவிட மோசமாக இருக்கும் வழக்கமான நிலைமைகளில், பாபின் கால்வாய் எவ்வளவு தாங்குமோ அதில் ஈவின் கால்வாய் தாங்குவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ரகசியக் கொள்ளளவு. 1978இல் சிஸாரும் கோர்னரும் இதை இன்னும் விரித்தார்கள். அதே ஆண்டு ரேடியோ போன்ற கால்வாய்களுக்கு இதைக் கணக்கிட்ட இருவரில் ஒருவர் மார்ட்டின் ஹெல்மன். ஆமாம், டிஃபி - ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்தின் அதே ஹெல்மன்தான். 1976இல் உலகத்தைக் கணக்கின் பக்கம் திருப்பிவிட்டவர், இரண்டே ஆண்டில் இரைச்சலின் பக்கமும் வந்து கை வைத்திருக்கிறார்.

கொள்ளளவு இவ்வளவு என்று நிரூபிப்பது வேறு, அதை எட்டும் குறியீட்டை நிஜமாகக் கட்டுவது வேறு. இதற்கு 30 ஆண்டு பிடித்தது. இங்கே சென்னை ஐஐடியின் ஆண்ட்ரூ தங்கராஜைச் சொல்ல வேண்டும். எல்டிபிசி என்ற வகைப் பிழைதிருத்தக் குறியீடுகளை வைத்து ஒட்டுக்கேட்புக் கால்வாயில் இதைச் செய்வது எப்படி என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் எழுதிய கட்டுரை இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் படிப்பது. அதற்கப்புறம் போலார் என்ற இன்னொரு வகைக் குறியீடுகள் வந்தன.

இதுவரைக்கும் எல்லாம் அழகு. இப்போது அந்தக் கஷ்டமான கேள்வி. ஈவுக்கு 10 சதவீதம் பிழை என்று உங்களுக்கு யார் சொன்னது?

பாபிடம் கேட்கலாம், அவன் அளந்து சொல்வான். ஈவ் சொல்வாளா? அவள் அங்கே இருக்கிறாளா என்றே தெரியாது. நீங்கள் ஒரு சாதாரண ஆன்டெனாவை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள், அவள் பெரிய டிஷ்ஷோடு பக்கத்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் இரைச்சல் குறைந்தது, உங்கள் ரகசியக் கொள்ளளவு பூஜ்யம், உங்கள் திரையில் எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. இந்த ஒரு காரணத்தால்தான் இப்படி இரைச்சலையும் அலையையும் நம்பும் பாதுகாப்பைப் பற்றி "பிசிக்கல் லேயர் செக்யூரிட்டி" என்ற தலைப்பில் மலைபோலக் கட்டுரைகள் இருந்தும் உங்கள் போனில் அது இல்லை என்பது என் கருத்து. அந்தக் கட்டுரைகளில் பலவும் "ஈவின் கால்வாய் நிலை தெரியும் எனக் கொள்வோம்" என்று ஆரம்பிக்கும். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஆர்வம் போய்விடும். கணக்கு கடினம் என்ற நம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பக்கத்து மாடியில் யாரும் இல்லை என்ற நம்பிக்கையை வைத்தால் என்ன லாபம்?

இந்த இடத்தில்தான் உவேலி மௌரர் 1993இல் எழுதியது என்னை உட்கார வைத்தது. (சுவிஸ் அரசியல்வாதி ஒருவருக்கும் இதே பெயர், அவர் வேறு.) அவர் சொன்னது: ஈவ் உங்களைவிட நன்றாகக் கேட்டாலும் பரவாயில்லை. பாபும் ஆலிஸும் இன்னொரு திறந்த கால்வாயில் பேசிக்கொள்ள முடியுமென்றால், அதையும் ஈவ் முழுசாகக் கேட்டாலும்கூட, ஒரு ரகசியச் சாவியை உருவாக்கலாம்.

முதல்முறை படித்தபோது ஏதோ மோசடி இருக்கிறது என்றுதான் தோன்றியது. கணக்காகப் பார்த்தால் தெளியும். மௌரரின் உதாரணத்தில் செயற்கைக்கோள் ஒன்று தாறுமாறான பிட்களை ஒலிபரப்பும். எளிமைக்காக நான் ஆலிஸையே ஒலிபரப்ப வைக்கிறேன். பாபுக்கு 20 சதவீதம் பிழை. ஈவுக்கு 15 சதவீதம், அதாவது ஈவ் முன்னால் நிற்கிறாள். இருவர் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆலிஸ் அனுப்பியதில் ஒரு ஐந்து பிட், 01101 என்று வைத்துக்கொள்வோம். அவள் நாணயம் சுண்டி ஒரு ரகசியப் பிட் எடுக்கிறாள், 1 விழுகிறது. 1 என்றால் அந்த ஐந்தையும் புரட்டி, 0 என்றால் அப்படியே, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறாள்: 10010. பாப் தான் வாங்கி வைத்திருக்கும் ஐந்தோடு இதை ஒப்பிடுகிறான், எங்கே வேறுபடுகிறதோ அங்கே 1, ஒத்துப்போனால் 0. அவனிடம் 01101 சரியாக வந்திருந்தால் 11111 கிடைக்கும். ஐந்தும் ஒன்றுபோல இருந்தால் "வைத்துக்கொள்" என்கிறான். 01001 என்று வந்திருந்தால் 11011 கிடைக்கும், ஒன்றுபோல இல்லை, "விடு" என்கிறான். இந்த இரண்டு சொல்லைத் தவிர அவன் வாயே திறப்பதில்லை.

பாப் தவறாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஐந்து பிட்டும் ஒருசேரப் புரண்டிருக்க வேண்டும். வைத்துக்கொண்டவற்றில் அப்படி நடக்க வாய்ப்பு 0.1 சதவீதம். ஈவ்? அவளால் "விடு" என்று சொல்ல முடியாது. பாப் வைத்துக்கொண்ட ஐந்தில் அவளுக்கு என்ன வந்ததோ அதை வைத்துப் பெரும்பான்மை பார்த்துத்தான் யூகிக்க முடியும். அவள் தவறு செய்யும் வாய்ப்பு 2.7 சதவீதம். ஆரம்பத்தில் 20க்கு 15 என்று பின்தங்கியிருந்த பாப், இப்போது 0.1க்கு 2.7 என்று முந்திவிட்டான். எந்தப் பிட்டை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை அவனிடம் இருந்தது, அவ்வளவுதான் ரகசியம். பாபுக்குப் பிழை குறைவாக இருந்த நேரங்கள்தான் தேர்வாகின்றன. ஈவின் நல்ல நேரமும் கெட்ட நேரமும் அந்தத் தேர்வில் கணக்கிலேயே வரவில்லை.

இதன்பிறகு மிஞ்சிய பிழைகளைத் திருத்தி, ஈவுக்குத் தெரிந்ததை அழிக்க நீளமான சாவியைச் சுருக்க வேண்டும். இந்தச் சுருக்கலுக்கு வழி சொன்னவர்கள் பென்னட், பிரஸார், ரொபேர்; 1988. மேலே சொன்ன எண்களை வைத்து நான் போட்ட கணக்குப்படி, ஆலிஸ் 15,000 பிட் அனுப்பினால் ஏறத்தாழ 1,000 தேறும், அதையும் சுருக்கினால் கடைசியில் தோராயமாக 100 பிட் சாவி. பலாப்பழம் அரிந்த கதைதான், சுளை கொஞ்சம், சடை மலைபோல. ஆனால் அந்த 100 பிட் நிஜமான சுளை.

இதற்கும் நிபந்தனை உண்டு. திறந்த கால்வாயில் ஈவ் கேட்கலாம், ஆனால் ஆலிஸ் மாதிரி நடித்துப் பேசக் கூடாது. அதைத் தடுக்க இருவரிடமும் சிறிய சாவி ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆக இந்த முறை வெறுங்கையில் முழம் போடுவதில்லை, சின்னச் சாவியைப் பெரிதாக வளர்க்கிறது.

வைஃபையில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு கருவிகளுக்கு நடுவே சுவர், மேசை, நடமாடும் ஆள் எல்லாவற்றிலும் பட்டு வரும் அலையின் ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், அதையே சாவியாக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ., அதில் பாதி தூரம், சுமார் 6 செ.மீ. தள்ளி இருந்தாலே ஈவுக்கு வேறு ஏற்ற இறக்கம் கிடைக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அறையில் எதுவும் அசையாவிட்டால் ஏற்ற இறக்கமே இல்லை, சாவியும் இல்லை. இன்னும் மோசம், ஈவே குறுக்கே நடந்து தனக்கு வேண்டிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கவும் முடியும்.

ஒளித்துகள்களில் பிட்களை அனுப்பிச் சாவி உருவாக்கும் குவாண்டம் சாவிப் பகிர்வு இந்த வரிசையில்தான் வருகிறது. 1984 டிசம்பரில் பென்னட்டும் பிரஸாரும் அதை முன்வைத்தது நம் பக்கத்து ஊர் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில். மந்திரம் எதுவும் இல்லை, மேலே கேட்ட அந்தக் கஷ்டமான கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. ஈவ் ஒட்டுக்கேட்டால் ஒளித்துகள்கள் கலைந்து பாபிடம் பிழை கூடும். அந்தப் பிழையை அளந்தே ஈவுக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரியும் என்று சொல்லிவிடலாம். பிழை சுமார் 11 சதவீதத்துக்குள் இருந்தால் அடிப்படை முறையிலேயே சாவி எடுக்கலாம், மீறினால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதன்பின் நடக்கும் பிழைதிருத்தல், சுருக்கல் எல்லாம் நாம் மேலே பார்த்த சமாச்சாரங்களே.

அவர்கள் கட்டிய முதல் கருவி சுமார் 32 செ.மீ. தூரம் அனுப்பியது. அதில் ஒளியின் திசையை மாற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுத்த கருவி, ஒவ்வொரு திசைக்கும் வேறுவேறு சத்தம் போட்டதாம். அதனால் காது கேளாத ஒட்டுக்கேட்பவரிடமிருந்து மட்டும் தங்கள் கருவி முழுப் பாதுகாப்பாக இருந்தது என்று பிரஸாரே பின்னாளில் கிண்டலாக எழுதியிருக்கிறார். இது பழங்கதை அல்ல. 2010இல், விற்பனையில் இருந்த குவாண்டம் கருவிகளின் உணரிகளில் பலமான ஒளியைப் பாய்ச்சி, அவற்றைத் தங்கள் சொற்படி ஆட வைத்து, பிழை எதுவும் கூடாமலே சாவியை எடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். இயற்பியல் விதி அப்படியே இருந்தது, உணரி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்ற நிபந்தனை போயிற்று. அதனால் யாராவது "இயற்பியலே காவல்" என்று பிரசுரம் நீட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: ஈவுக்கு எந்த இரைச்சல், அது இருப்பதை எப்படி அளந்தீர்கள்?

மௌரரின் கணக்கை நம்ப முடியாதவர்கள் பைதானில் 20 வரி எழுதினால் போதும், ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஓடிவிடும். பாபை 20 சதவீதத்திலேயே வைத்து ஈவை 5 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஐந்தைந்தாக எடுத்தால் பாப் மயிரிழையில்தான் முந்துவான், 0.10க்கு 0.12, லட்சக்கணக்கில் ஓடவிட்டால்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஏழேழாக எடுத்தால் ஈவின் பிழை பாபினுடையதைப் போல மூன்று மடங்கு. அப்புறம் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள்: பாபின் பிட்களை ஆலிஸிடமிருந்து நேராக எடுக்காமல், ஈவுக்கு வந்த பிட்களை எடுத்து அதன்மேல் இன்னும் கொஞ்சம் பிழை சேர்த்துக் கொடுங்கள், ஈவ் நடுக்கம்பியில் உட்கார்ந்திருப்பதுபோல. ஐந்தாக எடுங்கள், ஏழாக எடுங்கள், 70 ஆகவே எடுங்கள், பாபால் ஈவை முந்தவே முடியாது.